ஜெலட்டின் பிளேட் மத்தியானத்துக்கு முந்தியே இளகுது, சில இலை வச்ச இடம் குழியாகுது - ஆராவது உதவுங்க

கல்லடிக்காரி
வணக்கம். சனிக்கிழமைகளில எங்கட விறாந்தையில சின்னப் பிள்ளைகளுக்குச் சித்திரம் சொல்லிக் குடுக்கிறன். அச்சு மெஷின் இல்லாமல் இலைப் பிறின்ற் எடுக்க ஜெலட்டின் பிளேட் (தட்டில உறைய வச்ச ஜெலி, அதில பெயின்ற் உருட்டி, இலையும் தாளும் வச்சு அமத்தி எடுக்கிறது) நல்லம் எண்டு கேள்விப்பட்டு வீட்டிலயே ஊத்தினன். ரெடிமேட் பிளேட் இஞ்ச கடைகளில இல்ல, வெளியில இருந்து எடுப்பிக்கிற விலை எனக்குக் கட்டாது.

நாலு கப் தண்ணிக்கு எட்டு மேசைக்கரண்டி ஜெலட்டின் தூள். நல்லாக் கரையட்டும் எண்டு கொதிக்க வச்சு, கேக் தட்டில ஊத்தி, இரவு முழுக்கப் பிறிஜ்ஜில வச்சன். காலமை எடுக்கக்குள்ள திறமா இருந்தது. பத்து மணி தாண்டினா மேல ஈரம் கசியுது, ரோலர் வழுக்குது, கடதாசியை உரிக்கக்குள்ள விளிம்பு பிய்ஞ்சு வருது.

அடுத்த பிரச்சினைதான் எனக்கு விளங்கவே இல்ல. சில இலை வச்ச இடத்தில மட்டும், அந்த இலையின்ர நரம்பு வடிவத்திலயே குழி விழுது. தொட்டா வழுவழுவெண்டு விரலில ஒட்டுது. அதே பெயின்ற், அதே தட்டு, பக்கத்தில வச்ச மற்ற இலைக்கு ஒண்டும் ஆகேல்ல. தூள் பழசா இருக்குமோ? மேல்பக்கம் குமிழியும் கனக்க.

கல்முனைத் தம்பி
அக்கா, ஜெலட்டினை விடுங்க, கடப்பாசி (அகர் அகர்) போடுங்க. நோன்பு காலத்தில எங்கட ஊரில வீட்டுக்கு வீடு காய்ச்சிறதுதானே. அது உருக 85 பாகை அளவு சூடு வேணும், நம்மட வெயில் அதை ஒண்டும் செய்யாது. மாட்டுச் சாமான், பண்டிச் சாமான் எண்ட கதையும் இல்ல, எல்லாப் பிள்ளைகளும் தொடலாம்.

வாவிக்கரை அச்சு
தம்பி சொல்லுற சூட்டுக் கணக்கு சரி. ஆனா கடப்பாசி இழுபடாது, நொறுங்கும். கடதாசியை ஒரு மூலையில பிடிச்சு உரிச்சுப் பாருங்க, பாளமா வெடிச்சு வரும். ஜெலட்டினுக்கு இருக்கிற அந்த ரப்பர்த் தன்மைதான் இந்த வேலைக்கே உயிர்: இலை நரம்புக்குள்ள இறங்கி, திரும்பிப் பழைய மட்டத்துக்கு வரவேணும்.

கல்லடி அக்கா, உங்கட தூளில பிழை இருக்கும் எண்டு நான் நினைக்கேல்ல. தண்ணியில மட்டும் ஊத்தின ஜெலட்டின் 30 பாகை தாண்டினா இளகத் தொடங்கும். குளிர் நாட்டுக்காரர் எழுதி வச்ச அளவு அது. மட்டக்களப்பில பங்குனி சித்திரையில விறாந்தைச் சூடே அதைத் தாண்டிடும். மற்றது, ஜெலட்டினைக் கொதிக்க விடக்கூடாது. கொதிக்கக் கொதிக்க அதின்ர நீளச் சங்கிலி துண்டு துண்டா அறுந்து, உறையிற பலம் குறையும். 60 பாகை போதும், அதாவது கையைக் கிட்டக் கொண்டு போனால் சுடுற ஆவி வரவேணும், குமிழ் வரக்கூடாது.

கிளிசரின் சேர்த்து ஊத்துங்க. 20 சென்ரிமீற்றருக்கு 25 சென்ரிமீற்றர் தட்டு, ஒண்டரைச் சென்ரிமீற்றர் தடிப்பு எண்டா: கிளிசரின் 350 மில்லி, தண்ணி 350 மில்லி, ஜெலட்டின் 85 கிராம். எங்கட சூட்டுக்கு நான் 100 கிராம் போடுவன். கரண்டியை விட்டிட்டுத் தராசில நிறுங்க, கரண்டி அளவு ஆளுக்கு ஆள் மாறும். முதல் தூளைக் கிளிசரினில குழைச்சுக் கட்டி இல்லாமல் எடுங்க, மறுகா பச்சைத் தண்ணி விட்டுப் பத்து நிமிஷம் ஊற விடுங்க. பிறகு சட்டிக்குள்ள தண்ணி வச்சு, அதுக்குள்ள கிண்ணத்தை இறக்கி மெல்லிசாச் சூடாக்குங்க. கலக்கக்குள்ள அடிக்க வேணாம், கரண்டியைத் தூக்காமல் சுத்துங்க. ஊத்தின உடன பத்திரிகைக் கடதாசியை ரெண்டு விரல் அகலத்துக்குக் கிழிச்சு, மேல்மட்டத்தில ஒரு ஓரத்தில இருந்து மற்ற ஓரத்துக்கு இழுத்தா நுரை எல்லாம் அதோட போயிடும். ஜெலட்டின் தோல் கட்ட முதல் செய்யவேணும், பிந்தினா கோடு விழும்.

கிளிசரின் பாமசியில சின்னப் போத்தில், விலை கூட. சவர்க்காரம் செய்யச் சாமான் விக்கிற கடையில லீற்றர் கணக்கில எடுக்கலாம்.

இது புதுசும் இல்ல. போட்டோக்கொப்பி வர முதல் ஹெக்டோகிராஃப் எண்டு ஒண்டு இருந்தது, 19ஆம் நூற்றாண்டுச் சாமான். அதுவும் ஜெலட்டினும் கிளிசரினும் கலந்து தட்டில ஊத்தினதுதான். ஊதா மையில எழுதின தாளை அதில ஒத்தி எடுத்து, வெள்ளைத் தாளைத் திரும்பத் திரும்ப வச்சுக் கொப்பி எடுத்தவங்க.

குழி விழுறது எனக்கும் விளங்கேல்ல. என்ன இலை எண்டு சொல்லுங்க.

காத்தான்குடி ராத்தா
தங்கச்சி, பப்பாசி இலை வச்சீங்களா? கேக்கிறதுக்குக் காரணம் இருக்கு. முத்தின மாட்டிறைச்சி அவியாட்டி நாங்க பச்சைப் பப்பாசிக்காய்த் துண்டு போடுவம். கொஞ்சம் கூடினா இறைச்சி கரைஞ்சு கூழாகிடும். ஜெலட்டினும் மாட்டுத் தோலும் எலும்பும்தானே. பச்சை அன்னாசி போட்ட ஜெலி இறுகாது, டின் அன்னாசி போட்டா இறுகும், இது புடிங் செய்யிற எல்லாருக்கும் தெரிஞ்ச விசயம்.

கல்லடிக்காரி
ராத்தா!! ஓம், பப்பாசி இலைதான். பெரிசா, விரல் விரலா வடிவா இருக்கெண்டு பிள்ளைகள் முதல் எடுத்தது அதைத்தான். குழி விழுந்தது எல்லாம் அந்த இலைக்குத்தான், இப்ப தாள்களைப் பிரட்டிப் பாத்தன். வேம்பு, பூவரசு, முருங்கை வச்ச இடம் சுத்தமா இருக்கு. வாவிக்கரையில ஒரு பையன் பொறுக்கின சிவப்பு இலையும் இருந்தது, அதுக்கும் லேசா ஒரு அடையாளம் விழுந்திருக்கு.

வாவிக்கரை அச்சு
ராத்தா சொன்னது அச்சொட்டு. பப்பாசிப் பாலில பப்பெயின் இருக்கு, அது புரதத்தை வெட்டுற நொதி. அன்னாசியில புரோமெலெயின், டின்னில அடைக்கக்குள்ள காட்டுற சூட்டில அது செத்துப்போகும். ஜெலட்டின் முழுக்கப் புரதம், அதனால நரம்பில பால் ஓடின தடத்திலயே கரைஞ்சிருக்கு. எருக்கு, அத்தி வகைகளிலயும் இப்பிடி நொதி இருக்கு. சுருக்கமாச் சொன்னா, காம்பை ஒடிச்சா வெள்ளைப் பால் வாற இலை ஒண்டும் பிளேட்டில வைக்க வேணாம்.

அந்தச் சிவப்பு இலைதான் எனக்கு யோசனையா இருக்கு. வாவிக்கரையில கண்டல் மரங்களோட தில்லையும் நிக்கும், அதின்ர இலை விழ முதல் சிவக்கும். தில்லைப் பால் தோலில பட்டா எரிஞ்சு புண்ணாகும், கண்ணில பட்டா பார்வைக்கே ஆபத்து. எந்த மரம் எண்டு கிராமத்து மீன்பிடிக்காரர் ஆரிட்டயும் காட்டிக் கேளுங்க. அது தெரியும் வரைக்கும் பிள்ளைகளை அந்தக் கரையில இலை ஆய விடாதீங்க. பட்டா உடன கனக்கத் தண்ணி விட்டுக் கழுவி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகவேணும்.

கல்லடிக்காரி
விளங்குது. இனி இலை எங்கட வளவுக்குள்ள மட்டும்தான்.

கிளிசரின் பிளேட் ஊத்தியாச்சு, 100 கிராம் கணக்குக்கு. மத்தியானம் ஒரு மணிக்கும் அமத்தினா திரும்பி எழும்புது, விளிம்பு பிய்யேல்ல. நுரைக்குப் பத்திரிகைத் துண்டு வேலை செய்தது. இப்ப வேற கரைச்சல்: கச்சான் காத்து அடிக்குது, அக்ரிலிக் பெயின்ற் உருட்டி முடிய முதலே காயுது. முதல் தாளில பாதிதான் வருது.

கல்முனைத் தம்பி
ஃபேனை நிப்பாட்டுங்க அக்கா, ஜன்னலையும் சாத்துங்க. கச்சான் காத்துக்கு ஈரச் சாரம் கொடியில காயிற வேகம் தெரியும்தானே.

வாவிக்கரை அச்சு
பெயின்றை இன்னும் மெல்லிசா உருட்டுங்க, ஒரு சொட்டுக் கிளிசரினைப் பெயின்றிலயே கலக்கலாம். கூடினா பிறின்ற் காயாது, கவனம். பாதி காய்ஞ்சு நிண்டதைக் கழுவ வேணாம்: அதுக்கு மேல வேற நிறம் மெல்லிசா உருட்டி, புதுத் தாளை வச்சு ரெண்டு நிமிஷம் அமத்தி விடுங்க. பழைய நிறமும் சேந்து ஏறி வரும், பலதரம் அதுதான் அண்டைய நல்ல பிறின்ற். பளபளப்புத் தாள் மட்டும் வைக்காதீங்க, அது ஒட்டினா பிளேட்டையும் கொண்டு வரும். மாரி தொடங்கினா மாறி நடக்கும், கிளிசரின் காத்தில இருக்கிற ஈரத்தை இழுத்து மேல்பக்கம் பிசுபிசுக்கும். ரிசுக் கடதாசியால ஒத்திட்டு வேலை தொடங்குங்க.

கல்லடிக்காரி
கடைசியா ஒண்டு. பழைய தண்ணிப் பிளேட்டை உருக்கிப் புதுசோட சேக்கலாமோ?

வாவிக்கரை அச்சு
வேணாம். பப்பெயின் சூட்டுக்கு இலேசில அடங்காது, உருக்கிற சூட்டில தப்பிப் புதுப் பிளேட் முழுக்கப் பரவிடும். கிளிசரின் இல்லாதது எப்பிடியும் ரெண்டு மூண்டு நாளில பூஞ்சணம் பிடிக்கும். துண்டு துண்டா வெட்டி வாழை அடியில தாட்டு விடுங்க. உருக்கிச் சிங்கில மட்டும் ஊத்தாதீங்க, குழாய்க்குள்ள போய் உறைஞ்சு அடைச்சுடும்.