ஜிப்ஸி பின்கதவு தொங்குது, ஸ்டெப்னியை எங்க மாட்டுறது?

மலைரோடு:
97 மாடல் மாருதி ஜிப்ஸி ஜீப்புங்க. 205/70 ஆர்15 டயரை எடுத்துட்டு அதைவிடப் பெரிய 235/75 ஆர்15 போட்டதுல இருந்து ஸ்டெப்னி வெயிட்டுக்கு பின்கதவு தொங்குது, ஒரு கையால தூக்கிப் பிடிச்சு அமுக்கினாதான் லாக் விழுது. பேசாம ஸ்டெப்னியே வேணாம், பஞ்சர் கிட்டும் ஏர் பம்பும் போதும்னு விட்டுடலாமா? கொல்லிமலை பக்கம் அடிக்கடி போவோம்.

டீசல்தம்பி:
விட்டுடாதீங்க ப்ரோ. ஆணி குத்தினா கிட் போதும், கல்லு டயரோட பக்கவாட்டை (சைடுவால்) கிழிச்சா ஒண்ணும் பண்ண முடியாது. அதுவும் ட்யூப் டயர்னா அந்த கிட்டே வேலைக்கு ஆகாது.

ஜீப்பண்ணன்:
தம்பி, முதல்ல கதவைத் திறந்து வச்சு மேலயும் கீழயும் ஆட்டிப் பாருங்க, கீல் பின்னு தேஞ்சிருக்கா, கீல் போல்ட் பக்கத்துல தகரம் வெடிச்சிருக்கான்னு தெரிஞ்சிடும், வெடிச்சிருந்தா உள்பக்கம் பிளேட் வச்சு வெல்டு பண்ணாம வேற எதுவும் பண்ணாதீங்க. அப்புறம் சேஸிஸோட (வண்டியோட அடிச்சட்டம்) போல்ட் பண்ற ஸ்விங் கேரியர், அதாவது ஸ்டெப்னியை மாட்டி பக்கவாட்டுல திறக்கற ஸ்டாண்டு, அடிச்சுக்கோங்க, கதவுக்கு பாரமே இருக்காது. நம்பர் பிளேட்டும் பின் லைட்டும் மறையாம பாத்துக்கங்க. ரூஃப்ல மட்டும் ஏத்தாதீங்க, மேல வெயிட் ஏறினா வண்டி சாய்வுல பயங்கரமா ஆடும்.

மலைரோடு:
கேரியர் ரெடியாகுற வரைக்கும் உள்ள போட்டுக்கலாமாண்ணா?

ஜீப்பண்ணன்:
போடலாம், ஆனா ராட்செட் பெல்ட் (லிவரால இறுக்கற பட்டை) போட்டு தரையோட இறுக்கிக் கட்டுங்க. சடன் பிரேக் அடிச்சா அத்தனை வெயிட்டும் முன்னாடி இருக்கறவங்க முதுகுலதான் வந்து விழும்.