மறுமொழி: குடியேறியோரின் பண்டங்களுக்கு ஒரு கலைச்சொல் – டெக்சாசின் கொலாச்சியை முன்வைத்து

அன்புடைய குழுவினர்க்கு வணக்கம்.

குடியேறியோர் தம்முடன் கொண்டுவந்து புதிய நாட்டில் மாறிப்போன பண்டங்களைத் தமிழில் எப்படி அழைப்பது என்று கேட்டு, உணவு வரலாற்றுச் சொற்றொகுதிக்காக அம்மையார் ஒருவர் தொடங்கிய இவ்விழையில் இதுவரை புலம்பெயர் உணவு, வந்தேறு பண்டம், கலப்புணவு என மூன்று சொற்கள் வந்துள்ளன. அவற்றை எடைபோடுவதற்கு முன், நாம் தேடும் சொல் எதைக் குறிக்க வேண்டும் என்பதை அம்மையாரே சுட்டிய செக் குடியேறிகளின் கொலாச் என்னும் சுட்ட பண்டத்தை வைத்துப் பார்த்துவிடுவது நல்லது. அதன் வரலாற்றில் வெவ்வேறான இரண்டு நிகழ்வுகள் ஒரே பெயருக்குள் கலந்து கிடக்கின்றன. நம் விவாதம் முடிவின்றி நீள்வதற்கும் அதுவே காரணம் என்று கருதுகிறேன்.

இன்றைய செக் நாட்டின் பொகீமியா, மொராவியா பகுதிகளில் கொலாச் என்பது பால், வெண்ணெய், முட்டை சேர்த்து ஈஸ்ட்டால் உப்பவைத்த மாவில் செய்யும் வட்டப் பண்டம். அதன் மேற்புறத்தில் குழி செய்து, கசகசா விழுதோ, நெடுநேரம் கிளறிக் காய்ச்சிய பிளம் களியோ, புளித்த பாலைத் திரித்து நீர் வடித்த மென்கட்டியோ வைத்து, மாவையும் சர்க்கரையையும் வெண்ணெயையும் உதிரியாகப் பிசறி மேலே தூவிச் சுடுவார்கள். அளவு ஊருக்கு ஊர் வேறுபடும். மொராவியாவின் வலாஷ்ஸ்கோ பகுதியில் ஃபிர்கால் எனப்படும் வகை ஏறத்தாழ 30 செ.மீ. குறுக்களவு கொண்டது, பேரிக்காய்ப் பூரணம் அதற்குப் பெயர்பெற்றது. திருமணத்துக்கு அழைக்கும்போது கொடுக்கும் கொலாச்சோ ஓரிரு வாயில் தின்று முடிக்கும் அளவுக்குச் சிறியது.

1850இல் டெக்சாசின் கேட் ஸ்பிரிங் என்னும் ஊரில் வந்து தங்கிய போதகர் யோசெப் பெர்க்மன் தாய்நாட்டுக்கு எழுதிய கடிதங்கள், அடுத்தடுத்த ஆண்டுகளில் பல குடும்பங்களைக் கால்வெஸ்டன் துறைமுகத்துக்கு அழைத்துவந்தன. பின்னர் வந்தவர்களுள் மொராவியர்களே மிகுதி. உழுவதற்கு நிலம் தேடி வந்த அவர்கள் ஃபயெட், லவாகா முதலிய மாவட்டங்களில் ஊர் ஊராகக் குடியமர்ந்தனர்; பிராகா என்றே ஓர் ஊருக்குப் பெயரும் இட்டனர். தேவாலய விழாக்களிலும் திருமணங்களிலும் கொலாச் அவர்களுடன் நிலைத்தது.

அங்கே அது மெல்ல மெல்ல மாறியதே நான் சொன்ன முதல் நிகழ்வு. கசகசாவும் உலர் பிளமும் ஆப்ரிகாட்டும் இன்றும் உள்ளன; அவற்றோடு பீச், அன்னாசி, செர்ரி, புளூபெர்ரி ஆகியனவும் சேர்ந்துள்ளன. வடித்த மென்கட்டியின் இடத்தைப் பல கடைகளில் கிரீம் சீஸ் பிடித்துக்கொண்டது. தட்டில் நெருக்கி அடுக்கிச் சுடுவதால் வட்டம் பெரும்பாலும் சதுரமாகிவிட்டது. செக் மொழியில் கொலாச் ஒருமை, கொலாச்சே பன்மை. அம்மொழி வீட்டில் தேய்ந்த பிறகு, பன்மை வடிவமே டெக்சாசு ஆங்கிலத்தில் கொலாச்சி என்று ஒருமையாகி, அதன்மேல் இன்னொரு பன்மை விகுதியும் ஏறியது. ஆகவே நம் தொகுதியில் தாய்நாட்டு வடிவத்தைக் கொலாச் என்றும் டெக்சாசு வடிவத்தைக் கொலாச்சி என்றும் இரு தலைச்சொற்களாகப் பதிவதே முறை. இரண்டையும் ஒன்றாக்கிக் 'கொலாச்சு' என்று எழுதலாம் என்று இவ்விழையில் வந்த யோசனையை ஏற்க இயலவில்லை. ஒன்றாக்கினால் மேற்சொன்ன வரலாறு முழுவதும் மறைந்துபோகும்.

இரண்டாவது நிகழ்வு வேறு வகையானது. டல்லாசுக்கும் வேக்கோவுக்கும் இடையே வெஸ்ட் என்றோர் ஊர் உள்ளது. (பெயர் மேற்கு என்றாலும் ஊர் இருப்பது டெக்சாசின் நடுப்பகுதியில்.) அவ்வூரில் 1952இல் திறக்கப்பட்ட வில்லேஜ் பேக்கரியில், கொலாச்சி மாவுக்குள் தொத்திறைச்சியை முழுமையாகப் பொதிந்து சுட்டார்கள் என்றும், கிளோபாஸ்னெக் எனப்படும் பண்டம் அங்கேதான் பிறந்தது என்றும் பரவலாகச் சொல்லப்படுகிறது. பெயர் செக் பெயரே. தொத்திறைச்சியைக் குறிக்கும் கிளோபாசா என்னும் சொல்லிலிருந்து வந்தது. ஆனால் தாய்நாட்டுச் சமையலில் இந்தப் பண்டம் இருந்ததில்லை. இன்று ஹூஸ்டனின் டோனட் கடைகளில் காலை வேளையில் கொலாச்சி கேட்டால், ஹாலப்பேன்யோ மிளகாயும் சீஸும் சேர்த்த தொத்திறைச்சிப் பொதியைத்தான் பெரும்பாலும் எடுத்துத் தருவார்கள். அக்கடைகளுள் பல கம்போடியாவிலிருந்து வந்த குடும்பங்கள் நடத்துபவை. பழைய செக் குடும்பத்தார் அதனைக் கொலாச்சி என்று அழைக்கக் கூடாது என்று இன்றளவும் வாதிடுகின்றனர். இது வெறும் பிடிவாதம் என்று இவ்விழையில் ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை: கூடவே வந்து மாறிய பண்டம் வேறு, வந்த இடத்தில் பிறந்த பண்டம் வேறு என்பதையே அவர்கள் வலியுறுத்துகிறார்கள். நாம் தேடும் கலைச்சொல்லும் இந்த வேறுபாட்டைக் காக்க வேண்டும்.

முன்மொழியப்பட்ட மூன்று சொற்களும் இந்தச் சோதனையில் நிற்கவில்லை. புலம்பெயர் என்பது இன்றைய தமிழில் போரால் நாடு இழந்தோரின் நினைவோடு பிரிக்க முடியாதபடி இணைந்துவிட்டது. நிலம் தேடிச் சென்ற உழவர்களுக்கு அது பொருந்தினாலும் அரைகுறையாகவே பொருந்தும். வந்தேறு என்பதில் வசை கேட்கிறது. கலைச்சொல்லில் வசைக்கு இடமில்லை. கலப்புணவு என்பது சமையல் வல்லுநர் திட்டமிட்டு இரு மரபுகளை இணைப்பதற்குப் பொருந்துமே தவிர, மூன்று தலைமுறைகளாக யாரும் கவனியாமலே மாறி வந்த ஒன்றுக்குப் பொருந்தாது. கலப்படம் என்ற சொல் அருகில் நிற்பதும் அதற்கு நல்லதன்று.

எனவே இரண்டு சொற்களை முன்வைக்கிறேன். கொலாச்சியைப் போல, குடியேறியோருடன் வந்து, பெயரும் அடிப்படை அமைப்பும் தொடர, பொருள்களிலும் வடிவிலும் மாறியது 'பெயர்வுப் பண்டம்'. பெயர்தல் என்பது இடம் மாறுவதையும் நிலை மாறுவதையும் ஒருங்கே குறிப்பதால் விளக்கம் தேவைப்படாது. கிளோபாஸ்னெக்கைப் போல, குடியேறியோரின் சமையல் அறிவிலிருந்து புதிய நாட்டில் முதன்முறையாகத் தோன்றியது 'புக்ககப் பண்டம்'. புக்ககம் திருமண வழக்குச் சொல் ஆயிற்றே என்று சிலர் மறுக்கக்கூடும். அதன் வேர் புகு என்பதுதான். புகுந்த இடம் என்ற நேர்ப்பொருளே நமக்குப் போதும். பிறந்தகம் என்ற இணைச்சொல் தமிழில் வழங்கிவருவதால், மூல வடிவத்தைப் 'பிறந்தக வடிவம்' என்று குறிக்கவும் வழி கிடைக்கிறது.

துணைச்சொற்களைப் பொறுத்தவரை எனக்குப் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. உள்ளே வைப்பதற்குப் பூரணம் போதும். கொழுக்கட்டையில் இனிப்புக்கும் உப்புக்கும் அதுவே வழங்குகிறது. ஆனால் கொலாச்சியில் பூரணம் வெளியே தெரியும்படி இருக்கும், கிளோபாஸ்னெக்கில் மூடப்பட்டிருக்கும் என்பதால் திறந்த பூரணம், பொதி பூரணம் என்று பிரித்துச் சொல்ல வேண்டும். மேலே தூவும் உதிரிக்குச் செக் மொழியில் போசிப்கா என்று பெயர். அதுவும் தூவுதல் என்னும் வினையிலிருந்து வந்ததே என்பதால் 'தூவல்' என்று எழுதலாம். பேக்கரிக்கு அடுமனையா வெதுப்பகமா என்பதைத் தனி இழைக்கு விட்டுவிடுவோம்.

ஓர் இடர்ப்பாடு மட்டும் எஞ்சுகிறது. சிகாகோவில் இதே பெயரின் மற்றொரு வடிவமான கொலாச்கி, கிரீம் சீஸ் சேர்த்த மாவை மெலிதாக விரித்து, சதுரமாக வெட்டி, பழக்களி வைத்து எதிர் முனைகளை மடித்துச் சுடும் பிஸ்கட்டைக் குறிக்கிறது. அங்குள்ள போலந்துக் குடும்பங்களும் அதைத் தமதாகவே கொண்டாடுகின்றன. பெயர் தொடர்கிறது, அமைப்பு தொடரவில்லை. என் வரையறையின்படி அது பெயர்வுப் பண்டமும் ஆகாது. கிழக்கு ஐரோப்பாவில் அதை ஒத்த மடிப்புப் பண்டங்கள் இருப்பதால் புக்ககப் பண்டம் என்றும் துணிய முடியவில்லை. வரையறையிலிருந்து 'அடிப்படை அமைப்பும்' என்ற தொடரை நீக்கினால் கொலாச்கி உள்ளே வந்துவிடும். ஆனால் அதே வழியாக ஹூஸ்டன் கடைகளின் கிளோபாஸ்னெக்கும் கொலாச்சி என்ற பெயரோடு நுழைந்துவிடும். அத்தொடரை வைத்துக்கொண்டு, பெயர் மட்டும் தொடர்வதற்கு மூன்றாவதாக ஒரு சொல் ஆக்குவதையே நான் விரும்புகிறேன். அச்சொல்லுக்கான பரிந்துரைகளை இவ்விழையிலேயே அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன்.