எல்லா ஆதாரமும் கையில் இருந்தும் என் பேச்சு ஏன் எடுபடவில்லை?

மழைக்காகம்:
வேலை செய்யும் இடத்தில் ஒரு யோசனையை முன்வைத்தேன். பழைய மென்பொருளை விட்டுப் புதியதற்கு மாறலாம் என்பதுதான் விஷயம். ஒப்பீட்டு அட்டவணை, வரைபடம், செலவுக் கணக்கு என்று எதையும் விடவில்லை. ஒருவர்கூட எதிர்த்துப் பேசவில்லை, ஆனால் "பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு எழுந்துபோனார்கள். அந்தப் "பார்க்கலாம்" எந்த ரகம் என்று உங்களுக்கே தெரியும். எனக்கு அடுத்துப் பேசியவர் கையில் ஒரு தாள்கூட இல்லை, அவர் கேட்டதற்கு அங்கேயே சரி சொல்லிவிட்டார்கள். இதற்கென்று கற்றுக்கொள்ளக்கூடிய உத்திகள் ஏதாவது இருக்கிறதா, இல்லை பிறவியிலேயே வாய்ச்சாலகம் வேண்டுமா? தயவுசெய்து "கண்ணைப் பார்த்துப் பேசு, கையை விரித்துப் பேசு" வகையறா வேண்டாம், அந்த வீடியோக்கள் எல்லாம் பார்த்தாயிற்று.

பட்டறைக்காரன்:
யாரும் எதிர்த்துப் பேசாததுதான் சிக்கலே. எதிர்ப்பு இல்லாமல் இல்லை, அதை உள்ளேயே வைத்துக்கொண்டார்கள். மென்பொருளை மாற்றலாம் என்றதும் கேட்பவர் மனதில் ஓடுவது புதியது நல்லதா என்பதல்ல. மாற்றும்போது ஏதாவது தொலைந்தால் யார் தலையில் விழும், இத்தனை வருடம் பழகியதை விட்டுவிட்டு நான் மறுபடி அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டுமா என்பதுதான். நீங்கள் அதைத் தொடவே இல்லை, யாரும் சந்தேகப்படாத ஒன்றை நிரூபித்துக்கொண்டிருந்தீர்கள்.

எதிர்த்தரப்பின் நியாயத்தை நாமே எடுத்துச் சொல்லலாமா என்பது பழைய கேள்வி. இரண்டாம் உலகப் போரின் கடைசி வருடத்தில் உளவியலாளர் கார்ல் ஹோவ்லண்டும் அவருடைய குழுவினரும் இதை அமெரிக்கப் படைவீரர்களிடம் சோதித்தார்கள். ஜப்பானுடனான போர் சீக்கிரம் முடியாது என்று அவர்களை நம்பவைக்க வேண்டும். சிலருக்கு அந்த ஒரு தரப்பு வாதத்தை மட்டும் சொன்னார்கள், சிலருக்கு மறுதரப்பில் இருக்கும் நியாயங்களையும் சேர்த்துச் சொன்னார்கள். ஏற்கெனவே அப்படி நினைத்தவர்களிடம் ஒற்றைத் தரப்பே நன்றாக வேலை செய்தது. மாற்றுக் கருத்தில் இருந்தவர்களிடமும், அதிகம் படித்தவர்களிடமும் இரண்டையும் சொன்னதுதான் எடுபட்டது. ஆனால் இதில் ஒரு கண்ணி இருக்கிறது. பின்னாளில் வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த தொடர்பியல் ஆய்வாளர் டேனியல் ஓ'கீஃப் கண்டது, எதிர்வாதத்தைச் சொன்னால் அதற்குப் பதிலும் சொல்லியாக வேண்டும், வெறுமனே சொல்லிவிட்டு நகர்ந்தால் சொல்லாமல் இருப்பதைவிட மோசம்.

நீங்கள் அநேகமாக "புதிய மென்பொருளில் உள்ள வசதிகளைப் பார்ப்போம்" என்று தொடங்கியிருப்பீர்கள். இப்படித் தொடங்கிப் பாருங்கள்: "மாறினால் முதல் மாதம் எல்லோருக்கும் வேலை இழுக்கும், அதை மறைக்கவில்லை. பழைய தரவு தொலையுமோ என்ற பயமும் நியாயம்தான். அதனால் முதலில் ஒரே ஒரு பிரிவில், பழையதும் பக்கத்திலேயே ஓடட்டும் என்று வைத்துக்கொண்டு மாற்றிப் பார்க்கலாம்." அட்டவணை எல்லாம் அப்புறம், யாராவது கேட்டால்.

சொல்லேருழவன்:
மேலே சொன்னதோடு ஒன்று. பேசுபவர் மீதுள்ள நம்பிக்கை, கேட்பவரின் மனநிலை, வாதத்தின் வலு என்று அரிஸ்டாட்டில் மூன்றாகப் பிரித்ததைப் பேச்சுக்கலை வகுப்பு எடுப்பவர்கள் எல்லோரும் ஒப்பிப்பார்கள். அதே இடத்தில் அவர் சொன்ன இன்னொன்றை விட்டுவிடுவார்கள்: அந்த நம்பிக்கை பேசுபவரின் பழைய பெயரால் அல்ல, அந்தப் பேச்சாலேயே உண்டாக வேண்டும் என்கிறார். புதிதாகச் சேர்ந்தவருக்கு இது நல்ல செய்தி. தன் யோசனையில் உள்ள ஓட்டையைத் தானே முதலில் காட்டுகிறவர் மிச்சத்தைப் பற்றிச் சொல்வதையும் நம்பத் தோன்றும், அவ்வளவுதான் விஷயம்.

அப்புறம், தாளே இல்லாமல் சாதித்தவர் அநேகமாகக் கூட்டத்துக்கு முன்பே முக்கியமான இரண்டு பேரிடம் தனித்தனியாகப் பேசி முடித்திருப்பார். இதைச் சூழ்ச்சி என்று நினைக்க வேண்டாம். பத்துப் பேர் நடுவில் "எனக்கு இது புரியவில்லை, பயமாக இருக்கிறது" என்று யாரும் வாய் திறக்க மாட்டார்கள், தனியாகக் கேட்டால் சொல்வார்கள்.

எதிர்க்குரல்:
நான் வேறு மாதிரி சொல்கிறேன். உத்தி உத்தி என்று அலைவதே பாதி நோய். "ஏனென்றால்" என்று ஒரு காரணத்தை ஒட்டவைத்தால் போதும், அது உப்புச்சப்பில்லாத காரணமாக இருந்தாலும் ஆள் சம்மதித்துவிடுவார் என்று ஓர் ஆய்வைக் காட்டுவார்கள். உளவியலாளர் எல்லன் லாங்கர் குழு 1978-இல் வெளியிட்டது. நகல் எடுக்கும் இயந்திரத்தின் முன்னால் இருப்பவரிடம் போய், எனக்கு முதலில் வழி விடுங்கள் என்று கேட்பது. 5 பக்கம் என்றபோது காரணமே சொல்லாமல் கேட்டவருக்கு 60 சதவீதம் பேர் வழிவிட்டார்கள், "நகல் எடுக்க வேண்டியிருக்கிறது" என்ற வெற்றுக் காரணத்துக்கு 93, அவசரம் என்ற உண்மையான காரணத்துக்கு 94. இத்தோடு நிறுத்திவிடுவார்கள். அதே ஆய்வில் 20 பக்கம் என்று கேட்டபோது வெற்றுக் காரணத்துக்கும் காரணமே இல்லாததற்கும் ஒரே 24 சதவீதம்தான், நிஜமான காரணத்துக்கு மட்டும் 42. கேட்பது பெரிதாக ஆக ஜனங்கள் யோசிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். மென்பொருள் மாற்றம் என்பது எந்தக் கணக்கில் பார்த்தாலும் 20 பக்கம்.

மழைக்காகம்:
எல்லோருக்கும் நன்றி. பட்டறைக்காரன் அண்ணா, ஒரு சந்தேகம். ஒரு பிரிவில் மட்டும் என்று சின்னதாகக் கேட்டுவிட்டு அப்புறம் எல்லாவற்றையும் மாற்றுவது ஆளைச் சிக்கவைக்கிற வேலை இல்லையா?

பட்டறைக்காரன்:
ஆகவும் ஆகலாம். உளவியலாளர்கள் ஃப்ரீட்மன், ஃப்ரேஸர் இருவரும் 1966-இல் வெளியிட்ட சோதனையில், கவனமாக வண்டி ஓட்டுங்கள் என்ற பெரிய, அசிங்கமான பலகையை வீட்டு முன்னால் நட அனுமதி கேட்டார்கள். நேரடியாகக் கேட்டபோது 17 சதவீதம் பேர்தான் ஒப்புக்கொண்டார்கள். அதே விஷயத்துக்காக முன்பே ஒரு குட்டி அட்டையை வைக்கச் சம்மதித்திருந்தவர்களிடம் அது 76 ஆனது. அந்த வீட்டுக்காரர்களுக்கு அடுத்து பலகை வரும் என்று தெரியாது. நீங்கள் அதைச் சொல்லிவிடுங்கள்: "இந்தப் பிரிவில் ஒத்துவந்தால் மற்றவற்றுக்கும் கேட்பேன், ஒத்துவராவிட்டால் நானே பழையதற்குத் திருப்பிவிடுகிறேன்." திட்டத்தை முழுதாகச் சொன்ன பிறகும் அவர்கள் சம்மதித்தால் அதில் ஏமாற்று எங்கே இருக்கிறது?

இன்னொன்று, "என்ன நினைக்கிறீர்கள்" என்று பொதுவாகக் கேட்டு முடிக்காதீர்கள், மறுபடியும் "பார்க்கலாம்" தான் வரும். எந்தப் பிரிவு, எந்தத் தேதி, யார் பொறுப்பு என்று மூன்றையும் சொல்லி, முடிவெடுக்க வேண்டியவர் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். கேட்டபின் அவர் பேசும்வரை வாயைத் திறக்காதீர்கள். அந்த நேரத்தில்தான் பலர் பதறிப்போய்த் தாங்கள் கேட்டதைத் தாங்களே குறைக்கத் தொடங்குவார்கள்.