பழைய வீட்டுக்கு ஸ்ட்ரக்சுரல் டெஸ்ட் பண்ண ஆள் வேணும், சென்னை

திருவான்மியூர்ல 1986ல கட்டின தனி வீடு ஒண்ணு பார்த்திருக்கோம், மாடி வீடு, கடல் பக்கம். பின் ரூம் சீலிங்ல காரை பேந்து துருப்பிடிச்ச கம்பி தெரியுது, சன்ஷேடும் வெடிச்சிருக்கு, ஓனர் பூசி பெயிண்ட் அடிச்சுத் தரேங்குறார் ஆனா எனக்கு மனசு ஒப்பல. பேங்க் வேல்யூயர் பத்து நிமிஷம் போட்டோ எடுத்துட்டு போயிட்டார், அது லோனுக்குத்தான். மேஸ்திரி தட்டிப் பார்த்து ஒண்ணும் ஆகாதுன்னார். ஒரு இன்ஜினியர் ரீபவுண்ட் ஹேமர் (கான்கிரீட் மேல அடிச்சு எவ்ளோ கெட்டியா இருக்குன்னு பார்க்குற கருவி) போதும்னார், அது மேல்பரப்பைத்தான காட்டும், கம்பி எவ்ளோ அரிச்சிருக்குன்னு தெரியாதே. கீழ அப்பா அம்மா இருக்கப் போறாங்க, அதான் பயம். அட்வான்ஸ் இன்னும் குடுக்கல, மாசக் கடைசி வரைக்கும் டைம்.

ஹாஃப் செல் (உள்ள கம்பி துருப்பிடிக்குதான்னு பார்க்குறது), கார்பனேஷன் (கான்கிரீட்டோட காரத்தன்மை எவ்ளோ ஆழத்துக்குக் குறைஞ்சிருக்குன்னு பார்க்குறது), கோர் டெஸ்ட் (கான்கிரீட்ல ஒரு துண்டு குடைஞ்சு எடுத்து பலம் பார்க்குறது) எல்லாம் எடுத்து கையெழுத்தோட ரிப்போர்ட் தர்ற ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் உங்க வீட்டுக்கு வந்து பார்த்தவங்க யாராவது இருக்காங்களா?