அத்தையின் மறதியை மறைத்துத்தான் ஆக வேண்டுமா?

கேள்வி: அம்மாபேட்டை மருமகள்

என் அத்தைக்கு 72 வயது. தறிக்குத் தார் சுற்றியே குடும்பத்தைத் தாங்கியவர். சில காலமாகக் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கிறார். நூலைத் தாமே அரிசிப் பானைக்குள் வைத்துவிட்டு, பக்கத்து வீட்டுப் பெண் திருடிவிட்டதாகச் சண்டைக்குப் போகிறார். டிமென்ஷியா என்று மருத்துவர் கூறியுள்ளார். என் மகளுக்கு வரன் பார்க்கும் நேரம் இது. "பைத்தியம் பிடித்த குடும்பம் என்று பேசுவார்கள், பெண் பார்க்க வருகிறபோது அம்மாவை உள்ளறையில் வைத்துப் பூட்டிவிடு" என்று நாத்தனாரே சொல்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை.

பதில்: ஓய்வுபெற்ற செவிலியர், அஸ்தம்பட்டி

டிமென்ஷியா பைத்தியம் அல்ல. மூளையின் நரம்புச் செல்கள் சிதைவதாலோ, மூளைக்குச் செல்லும் ரத்த ஓட்டம் தடைபடுவதாலோ வருவது. 1906ஆம் ஆண்டில் அலாய்ஸ் அல்சைமர் என்ற ஜெர்மன் மருத்துவர் விவரித்த, இதே நோய் கண்ட பெண்ணுக்கும் மறதியோடு கணவர் மீது வீண் சந்தேகம் இருந்தது. ஆகவே, திருட்டுப் பழி சுமத்துவது உங்கள் அத்தையின் குணம் அல்ல, நோயின் வேலை. மறுத்து வாதாடாமல், "வாங்க அத்தை, சேர்ந்து தேடலாம்" என்று சொல்லிப் பாருங்கள்.

இந்த நோயில், ஒரே மரபணு வழியாகப் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு நேரடியாக இறங்கும் வகை மிக அரிது. அதுவும் பெரும்பாலும் 65 வயதுக்கு முன்பே தலைகாட்டிவிடும். பாட்டிக்கு இருப்பதால் பேத்திக்கும் வந்தே தீரும் என்பது வெறும் ஊர்ப்பேச்சு. தைராய்டு, வைட்டமின் பி12 குறைபாட்டுக்கான ரத்தப் பரிசோதனைகளைச் செய்துவிட்டீர்களா? அவற்றாலும் மறதி வரும், சிகிச்சையால் குறையவும் செய்யும். வெட்கப்பட்டு வீட்டுக்குள் வைத்திருப்பவர்கள் இழப்பது இந்த வாய்ப்பைத்தான்.

பதில்: ஏற்காட்டிலிருந்து

காப்பித் தோட்டத்தில் உழைத்த என் தந்தை, "வேலைக்கு நேரமாகிவிட்டது" என்று பனி மூடிய விடியலில் கிளம்பிவிடுவார். டீக்கடைக்காரரிடமும் பேருந்து நடத்துநர்களிடமும் விஷயத்தைச் சொல்லி, என் கைப்பேசி எண்ணையும் கொடுத்து வைத்தேன். இப்போது அவரை உட்கார வைத்து, டீ கொடுத்து, என்னை அழைக்கிறார்கள். மறைத்திருந்தால் இந்த உதவி ஏது? ஆனால் வரன் விஷயத்தில் முதல் நாளே எல்லாவற்றையும் கொட்ட வேண்டியதில்லை. நிச்சயத்துக்கு முன் தெளிவாகச் சொன்னால் போதும்.

பதில்: ஓய்வுபெற்ற செவிலியர், அஸ்தம்பட்டி

இதில் எனக்கு உடன்பாடில்லை. அத்தை கூடத்தில் அமர்ந்திருக்கும்போது அவர்களே கேட்கத்தான் போகிறார்கள். தரகர் மூலம் முன்னதாகவே சொல்லிவிடுவது நல்லது. புதியவர்கள் கூட்டமாக வந்தால் அவருக்குப் பதற்றம் கூடலாம் என்பதால், பழகிய ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். அத்தை தாமாக எழுந்து உள்ளே போக விரும்பினால் போகட்டும், ஆனால் கதவைப் பூட்டாதீர்கள்.

கேள்வி கேட்டவர்:

ரத்தப் பரிசோதனை இன்னும் செய்யவில்லை. திங்கட்கிழமை அழைத்துச் செல்கிறேன். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் இன்றே பேசிவிட்டேன். "முன்பே சொல்லியிருந்தால் இத்தனை நாள் பேசாமல் இருந்திருக்க மாட்டேனே, அக்கா" என்றார். நாத்தனாரிடம்தான் இனிப் பேச வேண்டும்.