சிறிய கல்லூரியில் சமூகவியல் சர்வே: எத்தனை பேரிடம் கேட்பது?

கேள்வி: இறுதியாண்டு ஆய்வுக்குப் படிப்புச் செலவு பற்றி சர்வே எடுக்கணும். கல்லூரியில் மொத்தமே 600 மாணவர்கள்தான். எத்தனை பேர் போதும்?

பதில் 1: 5 சதவீதப் பிழை வரம்புக்கு (அதாவது முடிவு உண்மை நிலையைவிட 5 சதவீதப் புள்ளி வரை கூடவோ குறையவோ இருக்கலாம்) 600 ÷ (1 + 600 × 0.0025) = 240 பேர்; 0.0025 என்பது 0.05 × 0.05. வருகைப் பதிவேட்டிலிருந்து குலுக்கல் முறையில் பெயர் எடுங்க. நண்பர்களிடம் மட்டும் நிரப்பி வாங்கினால் 240-ம் வீண்.

பதில் 2: எண்ணிக்கையைவிடக் கேள்வித்தாள்தான் காலை வாரும். "கட்டணமும் விடுதியும் திருப்தியா?" என்பதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கிடக்கு; 'ஆமாம்' எதற்கென்றே தெரியாது. பிரித்துக் கேளுங்க. முதலில் 10 பேரிடம் வெள்ளோட்டம் பாருங்க, அவர்களை இறுதிக் கணக்கில் சேர்க்காதீங்க.

பதில் 3: சின்னக் கல்லூரியில் பெயரை நீக்கினாலும் ஆள் தெரிந்துவிடும். 'மூன்றாமாண்டு, வரலாறு, பார்வையற்றவர்' என்று எழுதினாலே போதும், யாரென்று எல்லோருக்கும் புரியும். 5 பேருக்குக் குறைவான பிரிவுகளை அட்டவணையில் ஒன்றாகச் சேர்த்துடுங்க, தயவுசெய்து.