தாத்தாவோட வாட்ச் சக்கரங்களை வச்சு ஸ்டீம்பங்க் லாம்ப்: எப்படி ஒட்டறது, எப்படி அடுக்கறது?

வெண்பா_மதுரை:

வணக்கம். இத்தனை நாளா படிச்சிட்டு மட்டும்தான் இருந்தேன், முதல் தடவையா எழுதறேன், கொஞ்சம் நீளமாயிடும் பொறுத்துக்கோங்க.

எங்க தாத்தா மதுரைல வாட்ச் ரிப்பேர் கடை வச்சிருந்தாரு. அவர் போனதுக்கு அப்புறம் கடையைக் காலி பண்ணும்போது ஒரு பெரிய பிஸ்கட் டின்னு நிறைய சாமான் கிடைச்சது, பழைய அலாரம் டைம்பீஸ் மூணு, உடைஞ்ச சுவர்க் கடிகாரத்தோட உள்பாகம், குட்டிக் குட்டியா வாட்ச் பல்சக்கரம் ஒரு நூறு இருக்கும், அப்புறம் சாவி கொடுக்கிற எச்எம்டி கைக்கடிகாரம் ரெண்டு. அம்மா இரும்புக்கடைல போட்டுடலாம்னாங்க, எனக்கு மனசு வரலை. நான் ஸ்டீம்பங்க் படங்களா பாத்து வளர்ந்தவ, நீராவி எஞ்சின் காலம் அப்படியே நின்னுடாம இன்னைக்கு வரைக்கும் வளர்ந்திருந்தா நம்ம வீட்டுச் சாமான் எல்லாம் எப்படி இருந்திருக்கும்ங்கிற அந்தக் கற்பனை எனக்கு அவ்வளவு பிடிக்கும். அதனால தாத்தாவோட சக்கரங்களை வச்சே ஒரு டேபிள் லாம்ப், ஒரு பேனா ஸ்டாண்ட், முடிஞ்சா போன் கவரும் பண்ணலாம்னு இறங்கிட்டேன்.

பேனா ஸ்டாண்ட் பண்ணி முடிச்சாச்சு, ஆனா சரியா வரலை. சூப்பர் க்ளூ போட்டு ஒட்டினேன், ரெண்டு நாள்ல சக்கரத்தைச் சுத்தி வெள்ளையா பனி படிஞ்ச மாதிரி ஆயிடுச்சு, ரெண்டு வாரத்துல பதினோரு சக்கரம் கீழ விழுந்துடுச்சு. அதைவிட என் ஃபிரெண்ட் பாத்துட்டு "சும்மா அள்ளி ஒட்டின மாதிரி இருக்குடி"ன்னு சொன்னா, யோசிச்சுப் பாத்தா அவ சொல்றது சரிதான், ஆனா எதனால அப்படித் தெரியுதுன்னு எனக்குப் பிடிபடலை.

எதை வச்சு ஒட்டறது, எப்படி அடுக்கினா நிஜ மெஷின் மாதிரி தெரியும், பளபளன்னு இருக்கிற பித்தளையைப் பழசு மாதிரி ஆக்கறது எப்படி? இன்னொண்ணு, அந்த எச்எம்டில ஒண்ணு சாவி கொடுத்தா ஓடுது. அதைப் பிரிக்கலாமா வேண்டாமான்னு ரெண்டு நாளா மண்டைக்குள்ள ஓடிட்டு இருக்கு.


பட்டறை_கோவை:

வாங்க வெண்பா. முதல்ல அந்த வெள்ளைப் படிவு விஷயம். சூப்பர் க்ளூ காயும்போது அதுல இருந்து ஆவி கிளம்பி காத்துல இருக்கிற ஈரத்தோட சேர்ந்து பக்கத்துலயே தூளா படிஞ்சுக்குமுங்க, மழைக்காலத்துல ஒட்டினா இன்னும் மோசம். காஞ்சதுக்கு அப்புறம் அது கண்ணாடி மாதிரி மொறமொறன்னு ஆயிடும், கை பட்டு இடிச்சா, பேனாவை டொக்குன்னு போட்டா, அந்த அதிர்ச்சி தாங்காம பிளந்துடும். உங்க சக்கரம் விழுந்ததுக்கு அதுதான் காரணமா இருக்கும்.

உலோகத்துக்கு ரெண்டு ட்யூப்ல வர்ற எபாக்சி பசைதான் சரி, அரால்டைட் மாதிரி. அஞ்சு நிமிஷத்துல இறுகறதும் இருக்கு, ஆனா நான் மெதுவா இறுகறதைத்தான் வாங்குவேன், சக்கரத்தை நகத்தி நகத்திப் பாக்க நேரம் கிடைக்குமில்லீங்க. ரெண்டையும் சம அளவு கலந்து, பல்குத்தற குச்சி நுனியில தொட்டு வச்சா போதும். முக்கியமானது அதுக்கு முன்னாடி பண்ற வேலை, ஒட்டற ரெண்டு பக்கமும் உப்புத்தாள் போட்டு நல்லா சொரசொரப்பாக்கணும், அப்புறம் அசிட்டோனோ ஸ்பிரிட்டோ தொட்டுத் துடைச்சிடணும், வாட்ச் சக்கரத்துல பழைய ஆயில் கண்ணுக்கே தெரியாம இருக்கும், அது இருந்தா எந்தப் பசையும் பிடிக்காது. ஒட்டிட்டு ஒரு நாள் முழுசா தொடாம விட்டுடுங்க. அடியில பிளாஸ்டிக்னா கொஞ்சம் பாருங்க, டிபன் டப்பா மாதிரி வழவழன்னு இருக்கிற பிளாஸ்டிக்ல எபாக்சியும் பிடிக்காது, அதுல சின்ன ஸ்க்ரூ போட்டுப் பிடிக்க வைக்கறதுதான் வழி.

பெயின்ட் சொல்லிடறேன். தங்கக் கலர் ஸ்ப்ரே மட்டும் அடிச்சுடாதீங்க, கல்யாண மண்டப ஷீல்டு மாதிரி ஆயிடும். முதல்ல மேட் பிளாக் முழுசா அடிங்க. அது காஞ்சதும் செப்புக் கலரோ பித்தளைக் கலரோ அக்ரிலிக் பெயின்டைத் தட்டையான பிரஷ்ல எடுத்து, பழைய துணில துடைச்சுத் துடைச்சு, பிரஷ்ல ஒண்ணுமே இல்லைங்கிற அளவுக்கு வந்ததும் மேட்டுல மட்டும் லேசா தடவுங்க. பள்ளத்துல கறுப்பு நின்னுக்கும், மேட்டுல உலோகம் மினுங்கும், நூறு வருஷம் கை பட்டுத் தேஞ்ச மாதிரி இருக்குமுங்க. பிளாஸ்டிக் பைப், பாட்டில் மூடி, அட்டை எதுல அடிச்சாலும் யாரும் பிளாஸ்டிக்னு சொல்ல மாட்டாங்க.

நிஜப் பித்தளையைக் கறுக்க வைக்க அமோனியா புகை காட்டலாம். மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா அடியில கொஞ்சம் அமோனியா ஊத்தி, சக்கரத்தை அதுல முங்காம மேல ஒரு தட்டுல வச்சு, உப்புத் தண்ணி தெளிச்சு மூடி வச்சா சில மணி நேரத்துல பழுப்பும் நீலமும் ஏற ஆரம்பிக்கும். மொட்டை மாடிலதான் பண்ணணும், பிளீச்சிங் பவுடர் பக்கத்துலயே இருக்கக் கூடாது, ரெண்டும் சேர்ந்தா விஷப் புகை. விறைப்பா வளைச்சு வச்ச பித்தளைத் தகட்டுக்கு இதைக் காட்டாதீங்க, விரிசல் விடும். பிரிட்டிஷ் ராணுவம் இந்தியால மழைக்காலத்துல குதிரை லாயத்துக்குள்ள வச்சிருந்த பித்தளைத் தோட்டா உறையெல்லாம் தானா வெடிப்பு விட்டுச்சு, குதிரை மூத்திரத்துல இருந்து வந்த அமோனியாதான் காரணம்னு 1921லதான் கண்டுபிடிச்சாங்க. எனக்குப் பித்தளை மேல இவ்வளவு ஆர்வம் வந்ததே அந்தக் கதையைப் படிச்சுத்தான்.


சாவி_கொடுத்த_காலம்:

அம்மா வெண்பா, நானும் நாப்பது வருஷம் கண்ணுல லென்ஸ் மாட்டி உக்காந்து வேலை பாத்தவன்தான். உங்க தாத்தா டின்னுல இருக்கிறதை அள்ளிக் கொட்டறதுக்கு முன்னாடி மூணு விஷயம் கேட்டுக்கோ.

டைம்பீஸ் டயல்ல நம்பரும் முள்ளும் பழுப்பு மஞ்சளா தடிப்பா பூசின மாதிரி இருந்தா அதை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே கூடாது, நகத்தால கூட சுரண்டாதே. அந்தக் காலத்துல இருட்டுல மின்ன ரேடியம் கலந்து பூசினாங்க. இப்ப மின்னலையே ஒண்ணும் ஆகாதுன்னு நினைக்கக் கூடாது, கூட இருக்கிற ஜிங்க் சல்பைடு வீணாப் போனதாலதான் மின்னறது நின்னது, ரேடியம் அப்படியேதான் இருக்கும், அது பாதியாகவே 1600 வருஷம் ஆகும். தூளா பறந்து மூச்சுல போறதுதான் ஆபத்து. அந்த மாதிரி டயலும் முள்ளும் இருந்தா கவர்ல போட்டு மூடித் தனியா வச்சிடு, அலங்காரத்துக்கு எடுக்காதே.

ரெண்டாவது, டைம்பீஸைப் பிரிக்கும்போது உள்ள மெயின் ஸ்பிரிங் சுத்தின நிலையில இருக்கலாம். அதை இறக்காம தகட்டைக் கழட்டினா ஸ்பிரிங் படார்னு விடுபட்டு விரலைக் கிழிச்சிடும், சக்கரப் பல்லும் வளைஞ்சிடும். பக்கத்துல யாராவது பழைய மெக்கானிக் இருந்தா அவர் கையால இறக்கி வாங்கிக்கோ, அஞ்சு நிமிஷ வேலை.

மூணாவது அந்த ஓடற எச்எம்டி. பிரிக்காதேம்மா. 1961ல ஜப்பான் சிட்டிசனோட சேர்ந்து பெங்களூர்ல ஆரம்பிச்ச தொழிற்சாலை அது, வாட்ச் கம்பெனியை மூட மத்திய அமைச்சரவை 2016 ஜனவரியிலயே ஒப்புதல் கொடுத்தாச்சு. இனிமே அதுக்குப் புதுசா பாகம் கிடைக்கறது கஷ்டம். ஓடற மெஷினைப் பிரிச்சா நாலு சக்கரம் கிடைக்கும் உனக்கு, ஆனா அதைச் சுத்தம் பண்ணி ஆயில் விட்டா இன்னும் முப்பது வருஷம் உன் கையில ஓடும். ஓடாத இன்னொண்ணையும் உடனே பிரிச்சிடாதே, பேலன்ஸ் வீல், அதான் இப்படியும் அப்படியும் ஆடற சக்கரம், நல்லா இருந்தா ஓடறதுக்கு ஒரு நாள் அதுலருந்து பாகம் எடுக்கலாம். உதிரியா கிடக்கிற நூறு சக்கரமும் டைம்பீஸும் உன் வேலைக்குத் தாராளம்.

அடுக்கறதுக்கு வாட்சுக்குள்ளயே வழி இருக்கு. ஸ்பிரிங் டிரம்முல இருந்து சென்டர் வீல், அது மணிக்கு ஒரு சுத்து. அதுல இருந்து மூணாவது வீல், அப்புறம் நாலாவது, அது நிமிஷத்துக்கு ஒரு சுத்து, கடைசியில எஸ்கேப் வீல், பல்லெல்லாம் கொக்கி மாதிரி இருக்கும். பெருசுல ஆரம்பிச்சுச் சின்னதா போகும், ஒவ்வொண்ணும் முன்னதை விட வேகம். இந்த வரிசையில நீ ஒட்டினா எங்களை மாதிரி ஆளுங்க பாத்தவுடனே கண்ணு அங்க நின்னுடும். உங்க தாத்தா பாத்தாலும் அப்படித்தான் நின்னிருப்பாரு.


வெண்பா_மதுரை:

ஐயா ரொம்ப நன்றி, கடைசி வரி படிச்சிட்டுக் கொஞ்ச நேரம் ஒண்ணும் ஓடலை எனக்கு. வாட்சைப் பிரிக்கலை. டயல் ஒண்ணு நீங்க சொன்ன மாதிரியேதான் இருந்துச்சு, கவர்ல போட்டு எடுத்து வச்சிட்டேன்.

இன்னொரு சந்தேகம், நான் பேனா ஸ்டாண்ட்ல மூணு சக்கரத்தை முக்கோணமா ஒண்ணோட ஒண்ணு ஒட்டி வச்சிருந்தேன், அழகா இருக்குன்னு. அது தப்பா?


மலைரயில்_ரசிகன்:

உங்க ஃபிரெண்டுக்கு உறுத்தினது அதாக்கூட இருக்கலாம். பக்கத்துப் பக்கத்துல கோத்த ரெண்டு சக்கரம் எதிர் எதிர்த் திசைலதான் சுத்தும், மூணாவது ரெண்டையும் தொட்டா அது எந்தப் பக்கம் சுத்தும்? எந்தப் பக்கமும் முடியாது, மூணும் பூட்டிக்கும். பாக்கறவங்களுக்கு காரணம் சொல்லத் தெரியாட்டியும் இது ஓடாதுன்னு கண்ணுக்குத் தெரிஞ்சிடும். வட்டமா கோக்கணும்னா நாலு, ஆறுன்னு ரெட்டைப்படைல கோக்கணும், இல்லை மூணையும் வரிசையா விடணும். பல் அளவும் ஒண்ணா இருக்கணும், வாட்ச் சக்கரத்தையும் டைம்பீஸ் சக்கரத்தையும் நேரா கோத்தா பல் உக்காராது, நடுவுல ஒரே அச்சுல பெருசும் சின்னதும் அடுக்கி வச்சு மாத்திக்கலாம். ஒவ்வொரு சக்கரத்துக்கும் நடுவுல ஒரு ஸ்க்ரூ தலையாவது வைங்க, அச்சு இல்லாத சக்கரம் அந்தரத்துல நிக்கற மாதிரி இருக்கும்.

நான் இதெல்லாம் கத்துக்கிட்டது நீலகிரி மலை ரயில்ல. நீராவியும் பல்சக்கரமும் சேர்ந்து நிஜமாவே வேலை செய்யறதைப் பாக்கணும்னா மேட்டுப்பாளையத்துக்கு ஒரு தடவை போயிட்டு வாங்க. 1899ல குன்னூர் வரைக்கும், 1908ல ஊட்டி வரைக்கும் திறந்த பாதை, கல்லாருக்கு அப்புறம் 12 அடி போனா 1 அடி ஏறற செங்குத்து. அங்க தண்டவாளம் ரெண்டுக்கும் நடுவுல பல் வெட்டின இரும்புப் பட்டை ரெண்டு ஒட்டி ஒட்டி ஓடும், ஒண்ணோட பல்லு இன்னொண்ணோட பள்ளத்துக்கு நேரா இருக்கும், எஞ்சினுக்கு அடியில இருக்கிற பல்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறும். எப்பவும் ஏதாவது ஒரு பல் பிடிப்புல இருக்கும், அதுக்காகத்தான் ரெண்டு பட்டை. எஞ்சின்ல நாலு சிலிண்டர், ஒரு ஜோடியில வேலை முடிச்ச நீராவி வீணாப் போகாம அடுத்த ஜோடிக்குப் போய் பல்சக்கரத்தை ஓட்டும். குன்னூர் ஸ்டேஷன்ல நின்னு அந்தக் கம்பிகள், ரிவெட், பைப் வளைவு, ஆயில் வழியற இடம் எல்லாம் போட்டோ எடுத்துக்கோங்க. எந்தப் பைப்பும் சும்மா இல்லை, எங்கயோ ஆரம்பிச்சு எங்கயோ போய்ச் சேருது. உங்க லாம்ப்லயும் அதை மட்டும் பாத்துக்கிட்டா போதும்.


லாச்சப்பல்_வாசி:

தங்கச்சி, நான் பாரிஸில இருக்கிறன். இங்க ஆர்ட்ஸ் ஏ மெத்தியே எண்டு ஒரு மெட்ரோ நிலையம், 11ஆம் லைன் பக்கம் முழுக்க நீர்மூழ்கிக் கப்பலுக்குள்ள நிக்கிற மாதிரிச் செய்திருக்கினம், 1994ல. சுவர் முழுக்கச் செப்புத் தகடு, ரிவெட், வட்டக் கண்ணாடி ஜன்னல். வேலைக்குப் போகேக்க தினமும் பாக்கிறனான். நான் கவனிச்சது என்னெண்டால், பல்சக்கரம் மேல கூரையில கொஞ்சம்தான் இருக்கு, ஆனா பெரிசு. மிச்சமெல்லாம் வெறும் தகடும் ஆணியும்தான். சக்கரத்தை எண்ணிக் குறையுங்கோ, வெறும் இடம் விட்டால்தான் சக்கரம் தெரியும்.


பட்டறை_கோவை:

அண்ணா சொன்னது ரொம்பச் சரிங்க. வாட்ச் சக்கரம் சுண்டுவிரல் நகம் அளவுதான், லாம்ப்ல ஒட்டினா தூரத்துல இருந்து பாக்க தூசி மாதிரி இருக்கும். லாம்புக்கு டைம்பீஸ், சுவர்க் கடிகாரச் சக்கரம். குட்டிச் சக்கரத்தை கண்ணுக்குக் கிட்ட வர்ற சாமானுக்கு வைங்க, பேனா மூடி, கீ செயின், கம்மல். இன்னும் பெருசா வேணும்னா சைக்கிள் கடைல தேஞ்ச ஃப்ரீவீல், அதான் பின்சக்கரத்துல செயின் ஓடற பல்சக்கரம், சும்மாவே கொடுப்பாங்க.

போன் கவர்ல வயர்லெஸ் சார்ஜிங் இருந்தா பின்னாடி உலோகம் ஒட்டாதீங்க, சார்ஜ் ஏறாது, உலோகம் சூடாகும். அட்டைல வெட்டி பெயின்ட் அடிச்ச சக்கரம் போதும்.

லாம்ப் உடம்பு அரை இஞ்ச் ஜிஐ இரும்பு பைப், வளைவுக்கு எல்போ, அடியில நிக்கறதுக்குத் தட்டு மாதிரி ஃபிளாஞ்ச் போட்டுப் பண்ணுங்க, எல்லாம் ஹார்டுவேர் கடைல கிடைக்கும். ஆனா உலோகத்துக்குள்ள 230 வோல்ட் வயர் போறதுன்னா மூணு பின் பிளக், எர்த் வயரைப் பைப்போட கட்டாயம் இணைக்கணும், வயர் நுழையற ஓட்டைல ரப்பர் புஷ் வைக்கணும், பைப் நுனி கத்தி மாதிரி இருக்கும், வயரை அறுத்துடும். பழக்கமில்லைன்னா யுஎஸ்பில ஓடற எல்இடி பல்பு போட்டுடுங்க, 5 வோல்ட்தான், பயமில்லை. மஞ்சளா எரியற ஃபிலமென்ட் டிசைன்லயே வருது.


வெண்பா_மதுரை:

எல்லாருக்கும் நன்றி சொல்லி மாளாது. பேனா ஸ்டாண்ட்ல இருந்த 40 சக்கரத்தையும் எடுத்துட்டேன், இப்ப அஞ்சே அஞ்சுதான், ஐயா சொன்ன வரிசையில, ஸ்பிரிங் டிரம்முல ஆரம்பிச்சு எஸ்கேப் வீல்ல முடியுது. எபாக்சி போட்டு ஒரு நாள் காய விட்டு நேத்து கவுத்து ஆட்டிப் பாத்தேன், ஒண்ணும் அசையலை. லாம்புக்கு பைப் வாங்கியாச்சு, யுஎஸ்பி பல்புதான் போடறேன். ஓடற எச்எம்டியை டவுன்ஹால் ரோடு பக்கம் ஒரு பெரியவர்கிட்ட சர்வீஸ் கொடுத்திருக்கேன், திறந்து பாத்துட்டு பின்மூடிக்கு உள்பக்கம் ஊசியால கீறின சின்ன எழுத்தைக் காட்டினாரு, தாத்தா எப்பவோ ரிப்பேர் பண்ணின தேதியும் அவர் இனிஷியலும். வர்ற செவ்வாய்க்கிழமை வாங்கப் போறேன்.